நிரல் நிற்கும்போது என்ன நடக்க வேண்டும்?

2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுபோயின. உலகம் முழுவதும் விமானங்கள் ரத்தாயின. சில மருத்துவமனைகள் அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

‘மென்பொருள் புதுப்பிப்பில் கோளாறு’ என்று அன்றைய செய்திகள் கூறின. அந்தக் கோளாறு மென்பொருளின் எந்த உறுப்பில் நிகழ்ந்தது என்பது அதிகம் பேசப்படவில்லை. அந்த நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கை அதை விளக்குகிறது. அனுப்பப்பட்ட கோப்பில் இருந்தவை, சந்தேகத்துக்குரிய செயல்களை அடையாளம் காண்பதற்கான விதிகள். அவற்றைப் படித்துச் செயல்படுத்த அந்த மென்பொருளுக்குள் ‘கன்டென்ட் இன்டர்பிரெட்டர்’ என்றொரு பகுதி இருந்தது. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. இன்டர்பிரெட்டருக்குத் தரப்பட்டவையோ 20. இல்லாத இருபத்தோராவது உள்ளீட்டைத் தேடிச் சென்ற அது, தனக்கு உரிமையற்ற நினைவகப் பகுதிக்குள் கைவைத்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அது இயங்கியதால், அதனுடன் சேர்ந்து கணினி முழுவதும் விழுந்தது.

எண்ணிக்கையில் ஒன்று குறைவது நிரல் உலகில் அன்றாடம் நிகழும் பிழை. அது மீண்டும் நிகழும். எந்தச் சோதனையாலும் அதை முழுமையாக ஒழிக்க முடியாது. ஆகவே, பிழை ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு இணையாக வேறொரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். சரிசெய்ய முடியாத ஒரு பிழையைச் சந்திக்கும் நிரல், பாதுகாப்பாக நிற்பதற்கு யார் ஏற்பாடு செய்தார்கள்?

பேச்சாளரும் மொழிபெயர்ப்பாளரும்

நிரலாளர் எழுதும் வரிகளைக் கணினியின் செயலி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. சி போன்ற மொழிகளில் முழு நிரலும் முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக மாற்றப்பட்டுவிடும். பைத்தான், பிஎச்பி போன்ற மொழிகளில் நிரல் ஓடும் நேரத்தில் இடையே ஒருவர் நின்று அதைப் படித்து நிறைவேற்றுகிறார். அவர்தான் இன்டர்பிரெட்டர், தமிழில் வரிமொழிமாற்றி என்பர். மேடையில் ஒருவர் பேசப் பேச, அருகில் நின்று உடனுக்குடன் மொழிபெயர்ப்பவரோடு அதை ஒப்பிடலாம்.

இந்த ஒப்புமை பிழைகளின் இரு வகைகளையும் விளக்க உதவும். பேச்சாளர் பொருளற்ற ஒன்றைச் சொல்லிவிட்டால், மொழிபெயர்ப்பாளர் அவரைப் பார்த்து, ‘இது பொருந்தவில்லையே’ என்று சொல்ல முடியும். பேச்சாளர் திருத்திக்கொண்டு தொடர்வார். திறக்க வேண்டிய கோப்பு இல்லை, ஓர் எண்ணைச் சுழியால் வகுக்கச் சொல்லியிருக்கிறது என்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை ‘எக்செப்ஷன்’ என்கிறார்கள். நிரலாளர் முன்யோசனையுடன் எழுதியிருந்தால் நிரல் இவற்றைப் பிடித்து மாற்று வழியில் செல்லும்.

இரண்டாவது வகை வேறு. மொழிபெயர்ப்பாளரே மேடையில் மயங்கி விழுகிறார். நினைவகம் தீர்ந்துவிட்டது, ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே போன செயல்கூறுகள் அடுக்கின் எல்லையைத் தாண்டிவிட்டன, இன்டர்பிரெட்டர் தன் கணக்குகளை வைத்திருக்கும் உள்ளமைப்பே சிதைந்துவிட்டது. இத்தகைய நிலையில் திரையில் ‘ஃபேட்டல் எரர்’ என்று தோன்றலாம். இதை மீளாப் பிழை என்று அழைக்கலாம். இங்கே பேச்சாளரிடம் முறையிட்டுப் பயனில்லை. முறையிட வேண்டியவருக்கே நினைவில்லை.

மறைத்துவிட்டுத் தொடர்வதன் விலை

பிழையைக் கண்டதும் நிரலாளருக்குத் தோன்றும் முதல் ஆசை, அதை மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போவது. மொழிகளே அதற்கு வசதி செய்து தந்திருக்கின்றன. விஷுவல் பேசிக் மொழியில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அதன்பின் எந்தப் பிழை வந்தாலும் நிரல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பிஎச்பி மொழியில் ஒரு கட்டளைக்கு முன் ‘@’ குறியை இட்டால், அக்கட்டளையின் பிழைச் செய்தி அடக்கப்பட்டுவிடும். ஒரு பெயர் எங்கும் வரையறுக்கப்படாமல் இருந்தால், பழைய பிஎச்பி அந்தப் பெயரின் எழுத்துகளையே அதன் மதிப்பாக ஊகித்துக்கொண்டு மேலே சென்றது. ஓர் எச்சரிக்கைக் குறிப்பை மட்டும் விட்டுச்சென்றது.

இதன் ஆபத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஆயிரம் பேரின் வைப்புத்தொகைக்கு வட்டி கணக்கிடும் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் உரிய வட்டி விகிதத்தைக் கோப்பிலிருந்து படித்து, பெருக்கி, பேரேட்டில் எழுத வேண்டும். 400ஆவது நபருக்கான விகிதத்தைப் படிக்க முடியவில்லை. நிரல் அங்கேயே நின்றிருந்தால், 601 பேருக்கு வட்டி ஏறவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். பிழையை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தால், 399ஆவது நபரின் விகிதம் நினைவகத்தில் அப்படியே இருக்கும். 400ஆவது நபருக்கு அதுவே பெருக்கப்பட்டுப் பேரேட்டில் ஏறும். நிரல் வெற்றிகரமாக முடிந்ததாக அறிக்கை வரும். தவறான எண், சரியான எண்ணைப் போலவே தோற்றமளிக்கும். அந்த வைப்புத்தொகையாளர் ஒரு நாள் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அப்போதும் கணினி பொய் சொல்லாது என்று அவரிடமே வாதிடுவார்கள்.

நின்றுபோன நிரலின் தீங்கு கண்ணுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் தவறான நிரலின் தீங்கு தெரியாது. இந்த உண்மையை மொழிகள் மெல்லக் கற்றுக்கொண்டன. 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7.0, அதுவரை மீளாப் பிழைகளாக இருந்த பலவற்றை நிரலாளர் பிடித்துக் கையாளக்கூடிய எக்செப்ஷன்களாக மாற்றியது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0, வரையறுக்கப்படாத பெயரைப் பற்றிய ஊகத்தைக் கைவிட்டது. அத்தகைய பெயரைக் கண்டால் பிழை எழுப்பியது. மீளாப் பிழைகளை ‘@’ குறியால் அடக்கவும் அதன்பின் இயலவில்லை.

இவ்விரு மாற்றங்களும் எதிரெதிர்த் திசையில் செல்வதுபோல் தோன்றலாம். ஒன்று மன்னிக்கிறது, மற்றொன்று கண்டிக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே பகுத்தறிவின் இரு பக்கங்கள். இன்டர்பிரெட்டர் நலமாக இருக்கும்வரை நிரலுக்குத் திருந்த வாய்ப்புக் கொடு. என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையில் ஊகிக்காதே, நின்றுவிடு.

மரண வாக்குமூலம்

நிற்பது என்று முடிவெடுத்த பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஏன் நின்றது என்ற செய்தியை விட்டுச்செல்ல வேண்டும். இங்கேதான் நுட்பமான சிக்கல் எழுகிறது. நினைவகம் தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கவும் சிறிது நினைவகம் வேண்டும். அடுக்கு நிரம்பிவிட்டது என்று சொல்லும் செயல்கூறை அழைக்கவும் அடுக்கில் சிறிது இடம் வேண்டும். சிதைந்துபோன உள்ளமைப்பை நம்பி அறிக்கை தயாரித்தால், அறிக்கை எழுதும்போதே இரண்டாவது முறை விழ நேரும். அப்போது முதல் காரணமும் சேர்ந்து மறைந்துவிடும்.

பைத்தான் இதைக் கையாளும் முறையை நான் மதிக்கிறேன். நினைவகப் பற்றாக்குறையைத் தெரிவிக்கும் பிழைப் பொருள்கள் சிலவற்றை அதன் இன்டர்பிரெட்டர் தொடக்கத்திலேயே உருவாக்கி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஆபத்து வேளையில் புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. இறுதிச் செலவுக்கென்று முடிந்துவைத்த பணத்தைப் போன்றது அது. செயல்கூறுகள் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு போகும் ஆழத்துக்கும், வழக்கமாக 1,000 என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அடுக்கு உண்மையில் நிரம்பி வழிவதற்கு முன்பே, இன்டர்பிரெட்டர் தெளிவாக இருக்கும்போதே, பிடிக்கக்கூடிய பிழையாக அதை எழுப்பிவிடுகிறது.

இவற்றையும் மீறி விழ நேர்ந்தால் அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 2012இல் வெளியான பைத்தான் 3.3இல் ‘ஃபால்ட்ஹேண்ட்லர்’ என்ற பகுதி சேர்க்கப்பட்டது. உரிமையற்ற நினைவகத்தைத் தொட்டதற்காக இயங்குதளம் நிரலைக் கொல்லும் கணத்தில், எந்தக் கோப்பில், எந்தச் செயல்கூறில், எந்த வரியில் இது நிகழ்ந்தது என்பதை அது எழுதிவிடுகிறது. அது தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் கவனிக்கத்தக்கவை. ஒவ்வொரு சொற்றொடரும் 500 எழுத்துகளுக்கு மேல் போகாது. அழைப்புகளின் தொடரில் 100 படிகளுக்கு மேல் காட்டாது. புதிதாக நினைவகம் கேட்காது. பேசுவதற்கெனத் தனியாக ஓர் அடுக்கை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும்.

மரண வாக்குமூலம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். யார், எங்கே, எப்படி என்ற மூன்றும் இருந்தால் போதும். இறக்கும் நிலையில் உள்ள நிரலிடம் தரவுத்தளத்தைத் திறக்கச் சொல்வதும், மின்னஞ்சல் அனுப்பச் சொல்வதும், அழகான அறிக்கை வடிக்கச் சொல்வதும் அறிவீனம். அந்த வேலைகள், வெளியே நலமாக இருக்கும் வேறொரு நிரலுக்கு உரியவை.

யாரிடம் எதைச் சொல்வது?

செய்தி இருக்கிறது, அதை யாருக்குச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. பிஎச்பியில் எழுதப்பட்ட தளங்களில் இரண்டு வகைக் கேடுகளை நெடுங்காலமாகக் காண்கிறோம். ஒன்று, வெறும் வெள்ளைத் திரை. தளத்துக்கு வந்தவருக்கு எதுவும் தெரியாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, பணம் கழிந்ததா என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார். மற்றொன்று, உள்வீட்டுச் செய்தி அனைத்தையும் தெருவில் கொட்டுவது. கோப்புகள் எந்த அடைவில் உள்ளன, எந்தச் செயல்கூறில் பிழை, தரவுத்தளத்திடம் என்ன கேட்கப்பட்டது என்பன எல்லாம் முன்பின் தெரியாதவரின் திரையில் வரும். ஊடுருவ நினைப்பவருக்கு அது ஒரு வரைபடம்.

இதற்கான தீர்வு பிஎச்பியின் அமைப்புகளிலேயே இருக்கிறது. பிழையைத் திரையில் காட்டுவதற்கு ஓர் அமைப்பு. பதிவேட்டில் எழுதுவதற்கு வேறோர் அமைப்பு. பொதுமக்கள் பயன்படுத்தும் சர்வரில் முதலாவதை அணைத்து, இரண்டாவதை இயக்கி வைக்க வேண்டும் என்பது நீண்டநாள் அறிவுரை. பொதுமக்களுக்கு எளிய சொற்களில் ஓர் அறிவிப்பு, பராமரிப்பவருக்கு முழு விவரம், இரண்டையும் இணைக்க ஒரு குறிப்பு எண். இவ்வளவும் செய்வதற்குப் பெரும் செலவு ஆகாது. ஆயினும், பிழையின்போது குடிமகன் என்ன பார்ப்பான் என்று யோசித்துப் பார்த்த தளங்கள் அரிதாகவே கண்ணில் படுகின்றன.

எவ்வளவு இறக்க வேண்டும்?

மீளாப் பிழையைப் பாதுகாப்பாகக் கையாள்வதில் மிக முக்கியமான முடிவு, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே எடுக்கப்படுவது. ஒரு பகுதி இறந்தால் அதனுடன் எவ்வளவு இறக்கும்?

பிஎச்பி, குறைகள் பல சொல்லப்பட்ட மொழியாயினும், இதில் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டிருக்கிறது. உலாவியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது வெற்றுப் பலகையில் தொடங்கி, முடிந்ததும் துடைத்துவிடுகிறது. ஒருவருடைய கோரிக்கையில் மீளாப் பிழை நேர்ந்தால் அந்தக் கோரிக்கை மட்டும் முடியும். அடுத்தவருக்குச் சேவை தொடரும்.

எர்லாங் மொழி இதையே ஒரு தத்துவமாக வளர்த்தது. 1986 முதல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில், தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலானோர் உருவாக்கிய மொழி அது. இணைப்பகம் நிற்கக் கூடாது. ஓர் உரையாடலில் ஏற்படும் கோளாறு மற்ற உரையாடல்களைத் தொடக் கூடாது. எனவே எர்லாங்கில் வேலைகள் மிகச் சிறிய ‘புராசஸ்’களாகப் பிரிக்கப்படுகின்றன. அவை நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒன்றுக்கொன்று செய்தி மட்டுமே அனுப்பிக்கொள்ளும். பிழை நேர்ந்த புராசஸ் தன்னைத் தானே குணப்படுத்த முயலாது, இறந்துவிடும். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர் புதிதாக ஒன்றைத் தொடங்கும். நோயுற்றவரே தனக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ளாமல் வேறொருவர் பார்ப்பது என்பதே அதன் சாரம். 2003இல் ஆம்ஸ்ட்ராங் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு இந்த அணுகுமுறையை விரித்துரைக்கிறது.

கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு இருந்தது. அடிக்கடி மாறக்கூடிய, வெளியிலிருந்து வரும் விதிகளைப் படிக்கும் இன்டர்பிரெட்டர், சுவரே இல்லாத கெர்னலுக்குள் குடியிருந்தது. பாதுகாப்பு மென்பொருள் கெர்னலில் இருப்பதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், விழுந்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும் இடத்தில் ஒரு பகுதியை வைக்கும்போது, வேலிகள் இரண்டு மடங்கு வலுவாக இருக்க வேண்டும். உள்ளீடுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வேலியை அந்நிறுவனம் நிகழ்வுக்குப் பிறகுதான் போட்டது.

நினைவகத்துக்குச் சுவர் எழுப்புவது போலவே தரவுக்கும் சுவர் வேண்டும். ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து மற்றொன்றில் சேர்க்கும் நிரல், இரண்டுக்கும் இடையில் இறந்தால் என்ன ஆகும்? இறக்கும் முன் கழித்ததைத் திரும்பச் சேர்க்கும்படி நிரலுக்குச் சொல்லிவைப்பது போதாது. பிஎச்பியில் மீளாப் பிழை நேரும்போது, எப்படியும் நடந்தேற வேண்டும் என்று நிரலாளர் எழுதிவைத்த இறுதி வரிகள்கூட நிறைவேறாமல் போகும். மின்சாரம் நின்றால் எந்த மொழியிலும் எதுவும் நிறைவேறாது. ஆகவே இரண்டு செயல்களையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி, முழுதும் முடிந்தது என்ற உறுதி வந்தாலன்றி ஒன்றையும் ஏற்காதே என்று தரவுத்தளத்திடம் ஒப்படைப்பதே சரியான முறை. எந்த வரியில் இறந்தாலும் பிறருக்குத் தீங்கு நேராதபடி எழுதப்பட்ட நிரலே பாதுகாப்பான நிரல்.

மறுதொடக்கம் மருந்தாகுமா?

‘அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள்’ என்பது கணினி உலகின் கை வைத்தியம். தற்செயலாக நேர்ந்த கோளாறுகளுக்கு அது பெரும்பாலும் பலிக்கும். அதே உள்ளீடு, அதே நிரல் என்றால் பலிக்காது. 2024 ஜூலையில் விழுந்த கணினிகள் தாமாகவே மறுதொடக்கம் செய்துகொண்டன, தொடங்கும்போதே அதே கோப்பை மறுபடியும் படித்தன, மறுபடியும் விழுந்தன. கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும் பல இடங்களில் சீரமைப்புக்கு நாட்கணக்கில் ஆனதற்குக் காரணம் இதுவே. பல கணினிகளை ஒருவர் நேரில் சென்று பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதே பாடத்தை, இன்டர்பிரெட்டர் எதுவும் சம்பந்தப்படாத ஒரு நிகழ்வு முன்பே கற்பித்திருந்தது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம், சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறி முடிந்தது. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாகச் சுருக்கியபோது அது கொள்ளவில்லை. பிழை நேர்ந்தால் அந்தக் கணினி நின்றுவிட வேண்டும், மாற்றுக் கணினி பொறுப்பேற்கும் என்பது திட்டம். மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்துக்கு முன்பே, அதே காரணத்தால், அதுவும் நின்றிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பிழை விவரத்தை ராக்கெட்டின் முதன்மைக் கணினி பயணத் தரவாக எடுத்துக்கொண்டு, அதன்படி ராக்கெட்டைத் திருப்பியது. மரண வாக்குமூலம் கட்டளையாக வாசிக்கப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கீடு, ராக்கெட் தரையை விட்டு எழுந்த பிறகு தேவையே இல்லாத ஒன்று.

‘சந்தேகம் வந்தால் நில்’ என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது என்பதை ஏரியான் காட்டுகிறது. நிற்பவரின் இடத்தை நிரப்ப உண்மையிலேயே வேறொருவர் இருந்தால்தான் நிற்பது பாதுகாப்பு.

எர்லாங்கின் மேற்பார்வையாளர் இதை உணர்ந்தே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் மறுதொடக்கம் செய்யலாம் என்பதற்கு அதில் ஒரு வரம்பு உண்டு. அதை மீறினால், இது தன்னால் தீராத நோய் என்று கண்டு மேற்பார்வையாளரே விலகி, தனக்கு மேலிருப்பவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. 2019 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 வேறொரு நல்ல வழியைக் காட்டியது. ஒரு செருகுநிரலால் மீளாப் பிழை நேர்ந்தால், தளத்துக்கு வருபவருக்குச் சுருக்கமான அறிவிப்பு மட்டும் தெரியும். தளத்தின் நிர்வாகிக்கு ஒரு ரகசிய இணைப்புடன் மின்னஞ்சல் போகும். அந்த இணைப்பின் வழியே நுழைபவருக்கு மட்டும், பழுதான செருகுநிரல் ஒதுக்கிவைக்கப்பட்ட நிலையில் நிர்வாகப் பக்கம் திறக்கும். அதற்கு முன்பு, வெள்ளைத் திரையின் முன் தவித்த சிறு வணிகரும் ஆசிரியரும் நிரலாளர் ஒருவரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. பழுதைக் கண்டுபிடித்து, அதை ஒதுக்கி, உரியவரை மட்டும் உள்ளே அழைத்து, சரிசெய்யும் கருவியை அவர் கையில் கொடுப்பது என்பதே இங்கு மறுதொடக்கத்தின் பொருள்.

நாம் கேட்க வேண்டியவை

இவை நிரலாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுங்கிவிட முடியாது. குடும்ப அட்டை, சான்றிதழ், வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், மருத்துவப் பதிவு என வாழ்க்கையின் பெரும்பகுதி இன்று ஏதோ ஓர் இன்டர்பிரெட்டரின் வழியாகவே நடந்தேறுகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இரவு அது விழும்போது பாதிக்கப்படுபவர் நிரலாளர் அல்லர். மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவர்.

பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்கும்போது, என்னென்ன வசதிகள் உண்டு என்று கேட்டுப் பட்டியலிடுகிறோம். விழும்போது என்ன நடக்கும் என்று கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் சில கேள்விகளைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு பகுதி நின்றால் அதனுடன் எவை நிற்கும்? பாதியில் நின்ற செயலின் தரவு என்ன ஆகும்? பயனாளர் திரையில் என்ன பார்ப்பார், அவரது காலக்கெடு நீட்டிக்கப்படுமா? காரணம் எங்கே பதிவாகும், அதை யார், எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பார்? அதே பழுதால் மறுபடியும் விழாமல் மீள்வதற்கு வழி என்ன? இவற்றுக்கு விடை ஏட்டில் இருந்தால் போதாது. கட்டடங்களில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவதுபோல், ஒப்படைப்பதற்கு முன் நிரலை வேண்டுமென்றே விழவைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் செலவாகும் என்பது உண்மை. ஒருபோதும் நடக்காமல் போகக்கூடிய ஒன்றுக்காக ஏன் செலவிட வேண்டும் என்று மேலாளர்கள் கேட்பார்கள். பாலம் கட்டுபவரிடம் அப்படி நாம் கேட்பதில்லை. மின்சுற்றில் ஃபியூஸ் வைப்பவரிடமும் கேட்பதில்லை. ஃபியூஸ் எரிந்துபோனால் அந்த அறை இருளும், வீடு தப்பும். எரிவதற்கென்றே ஒரு சிறு கம்பியை முன்கூட்டி வைத்த அந்தப் பணிவு, கணினி நிரல்களை எழுதுபவர்களிடமும் வாங்குபவர்களிடமும் வர வேண்டும்.